வெள்ளத்தில் மூழ்கிய நீச்சல்குள ஹீட்டர்: அறிகுறி பார்த்து என்ன செய்வது

கொங்கு நாட்டில் வெள்ளம் பல சமயம் வெயிலோடு வரும். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, அந்தப் பக்கத்து அணைகள் நிரம்பி, மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால் போதும். பவானியிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஒரு சொட்டு மழை இல்லாமலே கரையோர வீதிகளில் தண்ணீர் ஏறிவிடும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் விநாடிக்கு இரண்டு லட்சம் கனஅடி அளவுக்குத் திறந்துவிட்டபோது இதைக் கண்ணால் பார்த்தோம். மேட்டுப்பாளையம் பக்கம் பில்லூர் அணை 97 அடிக்கு வந்தால் உபரி நீரைப் பவானி ஆற்றில் விட்டுவிடுவார்கள். வானம் வெளுத்துக் கிடப்பதால் பம்ப் ரூம் யார் நினைவுக்கும் வருவதில்லை.

ஆற்றோரத் தோட்டத்து வீடுகளிலும் ரிசார்ட்டுகளிலும் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் இடங்களிலும் இப்போது ஹீட்டர் வைத்த குளங்கள் வந்துவிட்டன. மார்கழிக் குளிரில் குழந்தைகள் இறங்க வேண்டுமே. ஆனால் பம்ப், பேனல், ஹீட்டர் எல்லாம் இருக்கும் பம்ப் ரூமைப் பெரும்பாலும் தரைக்குக் கீழே நாலைந்து அடிப் பள்ளத்தில்தான் கட்டுவார்கள். பம்ப் குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஏர் பிடிக்காது, அதற்காக. வெள்ளம் வந்தால் முதலில் இறங்குவதும் அந்தப் பள்ளத்தில்தான்.

இருபது வருஷமாகப் பம்ப், பேனல், ஹீட்டர் என்று இதே வேலையில் இருக்கிறேன். வெள்ளம் வடிந்த பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "ஏனுங்ண்ணா, நல்லாக் காஞ்சு போச்சுங்க. ஒருக்காப் போட்டுப் பாத்தரலாங்களா?" வேண்டாம். காய்ந்துபோனதை வைத்துச் சரியாகிவிட்டது என்று முடிவுக்கு வரக் கூடாது. தண்ணீர் போய்விடும். அது கொண்டுவந்த வண்டலும் உப்பும் உள்ளேயே தங்கிவிடும். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

பம்ப் ரூமில் இன்னும் தண்ணீர் நிற்கிறது

இறங்காதீர்கள். குச்சியை விட்டு ஆழம் பார்க்கவும் வேண்டாம். மெயின் போர்டு மேட்டில், காய்ந்த இடத்தில் இருந்தால், காய்ந்த தரையில் நின்றுகொண்டு மெயினை இறக்குங்கள். போர்டே தண்ணீரில் நின்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி, கம்பத்திலேயே இணைப்பை எடுக்கச் சொல்ல வேண்டும். மின்னகம் எண் 94987 94987, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

மெயினை இறக்கியதோடு வேலை முடியவில்லை. தோட்டத்து வீடுகளில் ஜெனரேட்டர் இருக்கும், இன்வெர்ட்டர் இருக்கும், கூரையில் சோலார் பேனல் இருக்கும். ஈபி கரண்ட் போனதும் ஜெனரேட்டர் தானாக ஓட ஆரம்பித்துப் பம்ப் ரூமுக்கு மறுபடி கரண்ட் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, பேட்டரி வயரையும் கழற்றுங்கள். சோலார் பேனலில் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை டிசி கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த வயரைத் தொடாமல் அதற்குரிய ஆளைக் கூப்பிடுங்கள்.

தண்ணீரை இறைக்கிறேன் என்று பெட்ரோல் இன்ஜினையோ டீசல் இன்ஜினையோ பம்ப் ரூமுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. பள்ளத்து அறையில் சில நிமிஷத்தில் ஆளைச் சாய்த்துவிடும். இன்ஜின் வெளியே, காற்றோட்டத்தில் நிற்கட்டும். ஹோஸ் மட்டும் உள்ளே போகட்டும்.

தண்ணீர் வடிந்துவிட்டது, எல்லாம் காய்ந்த மாதிரி இருக்கிறது

இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் தப்பு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளே போகும் முன் ரப்பர் பூட்ஸ், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத்துச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். பேனல் கதவையும் ஹீட் பம்ப்பின் (ஏசி மாதிரி கேஸைச் சுற்றவிட்டு, வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் மெஷின்) பக்கத் தகட்டையும் திறக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கை நீள வேண்டும். வெள்ளத்துக்குத் தப்பிய கட்டுவிரியன் ஒதுங்க நல்ல இடம் அது.

அடுத்து ஒரு சாக்பீஸை எடுத்து, சுவரில் சேறு படிந்திருக்கும் உயரத்துக்கு அறை முழுக்கச் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம் மூழ்கியது. மேலே உள்ளது தப்பித்தது. எதையும் கழற்றும் முன், துடைக்கும் முன், அந்தக் கோடு தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் அதற்கும் உதவும்.

கோட்டுக்குக் கீழே இருந்த எம்சிபி (ஷார்ட் ஆனால், அதிகக் கரண்ட் இழுத்தால் தானாக விழும் ஸ்விட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச்), கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, டைமர், கெப்பாசிட்டர், எலக்ட்ரானிக் போர்டு, கேஸ் வால்வு, ரெகுலேட்டர் எல்லாம் மாற்ற வேண்டியவை. கழுவிக் காயவைத்து மாட்டும் பேச்சே வேண்டாம். மோட்டார், ஹீட் பம்ப்பின் கம்ப்ரசர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஃபில்டர் தொட்டி, பைப்புகள் ஆகியவற்றைச் சோதித்து, பழுது பார்த்து மீட்கலாம்.

இத்துனூண்டு எம்சிபியை ஏன் வீசச் சொல்கிறேன் என்று கேட்பார்கள். பவானி ஆற்றோரத்தில் ஒரு தோட்டத்துக்காரருக்குப் பிரித்தே காட்டினேன். வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். ஆணியை எடுத்து இரண்டாகப் பிளந்தால், தீப்பொறியை அணைக்க உள்ளே அடுக்கியிருக்கும் தகடுகளுக்கு நடுவே மஞ்சள் பூசின மாதிரி வண்டல் படிந்திருந்தது. ஸ்பிரிங்கில் செம்பழுப்பாகத் துரு. விரலால் நெம்பினால் லீவர் மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் எழுவதுபோல நகர்ந்தது. கண் இமைக்கும் நேரத்தில் விழ வேண்டிய சாமான் அது. ஆன் ஆகிறது, ஆஃப் ஆகிறது என்பதை வைத்து அதை நம்பிவிட முடியாது. ஷார்ட் ஆகும் அன்றைக்கு அது விழாவிட்டால் வயர் எரியும். ஆர்சிசிபி விழாவிட்டால் ஆள் போய்விடுவார்.

எம்சிபி போட்டதும் விழுகிறது; அல்லது ஆர்சிசிபி மட்டும் விழுகிறது

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஒருமுறை விழுந்தால் அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. எம்சிபி விழுந்தால் எங்கோ ஷார்ட், அல்லது மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது. ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. குளத்துக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபிதான் போட வேண்டும். "சும்மா சும்மா விழுகுது" என்று 100 மில்லி ஆம்ப் மாட்டுவதும், ஆர்சிசிபியைத் தாண்டி நேராக வயர் கொடுப்பதும் உயிரோடு விளையாடுவது.

கண்டுபிடிக்கும் வழி இது. மெயினை இறக்கி, பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பம்ப், ஹீட்டர், குளத்து விளக்கு என ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனியாகக் கழற்றுங்கள். எலக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) ஒவ்வொன்றையும் எர்த்துக்கு எதிராக அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தச் சர்க்யூட்டுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. மெகர் போடும் முன் எலக்ட்ரானிக் போர்டையும் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல போர்டும் அந்த 500 வோல்ட்டில் போய்விடும்.

எலக்ட்ரிக் ஹீட்டர் என்றால் முக்கால்வாசி நேரம் குற்றவாளி எலிமென்ட்தான். அதன் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கும். முனையில் சீல் விட்டுப்போனால் அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே எலும்பு மாதிரி காய்ந்திருந்தாலும் மெகரில் ரீடிங் ஏறாது. எலிமென்டை மாற்றிவிடுவதே மேல். கேபிளும் அப்படித்தான். பூமிக்குள் போகும் கேபிளின் முனை தண்ணீரில் கிடந்திருந்தால், வயர் இழைகளின் வழியே தண்ணீர் உள்ளே ஏறியிருக்கும். முனையிலிருந்து கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும் இடம் வரை வெட்ட வேண்டும், வராவிட்டால் கேபிளையே மாற்ற வேண்டும்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே ஆஃப் செய்யுங்கள். சிங்கிள் பேஸ் மோட்டார் என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். த்ரீ பேஸ் என்றால் ஒரு பேஸ் வராமல் இருக்கலாம். இரண்டிலுமே இம்பெல்லரில் வண்டல் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். கரண்டை முழுக்க எடுத்துவிட்டு, பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றி ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கெப்பாசிட்டர் கரண்ட் எடுத்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது, அது வேண்டாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கச் சொல்லுங்கள்.

மூழ்கிய மோட்டாரை ரீவைண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. இந்த விஷயத்தில் கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை, பம்ப்பும் மோட்டாரும் ஊறிய ஊர் அது. பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி, காயிலை ஓவனில் காயவைத்து, வார்னிஷ் போட்டு, மெகர் பார்த்துத் தருவார்கள். பேரிங்கைக் கண்டிப்பாக மாற்றச் சொல்லுங்கள். கிரீஸில் வண்டல் கலந்துவிட்டால் அது உப்புத்தாள் வேலை செய்யும். மெக்கானிக்கல் சீலையும் கையோடு மாற்றிவிட்டால் நல்லது.

இன்னொன்று. மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஆனால் பிரஷர் கேஜில் முள் ஏறவே இல்லை என்றால் பம்ப்பைப் பிரிக்கும் முன் சுற்றும் திசையைப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு லைனைத் திரும்பக் கட்டும்போது ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸ் வயர்களின் வரிசை மாறிவிடுவது உண்டு. த்ரீ பேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், தண்ணீர் அரைகுறையாகத்தான் வரும். அதே காரணத்தால் ஹீட் பம்ப்பும் பேஸ் எரர் காட்டி நின்றுவிடும். இரண்டு வயரை மாற்றிப்போட்டால் தீர்கிற இந்த விஷயத்துக்குக் கம்ப்ரசரையே மாற்றச் சொன்ன ஆளும் உண்டு.

ஹீட் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் சூடாகவில்லை

முதலில் பழுதுதானா என்று பாருங்கள். ஹீட் பம்ப்புக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான் இருக்கும், கையில் தெரியாது. தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 50,000 லிட்டர் குளத்தை ஒரு டிகிரி ஏற்றச் சுமார் 58 யூனிட் வெப்பம் தேவை. 12 கிலோவாட் வெப்பம் தரும் மெஷினுக்கு அது ஐந்து மணி நேர வேலை. வெள்ளத்துக்குப் பிறகு புதிதாகக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, பத்து டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

வித்தியாசமே இல்லை என்றால்தான் பழுது. கம்ப்ரசர் முழுக்க சீல் செய்தது, வெள்ளத்தில் அது தப்பிப்பதுண்டு. அதன் டெர்மினல் பெட்டி, ஃபேன் மோட்டார், போர்டு, பிரஷர் ஸ்விட்ச் ஆகியவை தப்பாது. வெள்ளம் மெஷினை இடம் நகர்த்தியிருந்தால் செம்புக் குழாய் வளைவுகளில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் கேஸ் கசிந்திருக்கிறது. புது மெஷின்கள் பலவற்றில் ஆர்-32 கேஸ் வருகிறது. அது தீப்பிடிக்கக் கூடியது, அதனால் உள்ளே கேஸ் இருக்கும்போதே வெல்டிங் டார்ச்சை வைத்துக் குழாயை ஒட்ட உட்காரும் ஆளை நிறுத்துங்கள்.

காயிலில் பனிக்கட்டி பிடிக்கிறதா? சாம்பல் நிற அலுமினிய இதழ்களுக்கு நடுவே சேறு அடைத்திருக்கும். சாதாரண ஹோஸில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகக் கழுவுங்கள். வண்டி கழுவும் பிரஷர் பம்ப்பை அங்கே காட்டினால் இதழ்கள் மடங்கிவிடும்.

"நோ ஃப்ளோ" என்று காட்டினால் ஃபில்டரைப் பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டுக் கழுவி), வால்வுகளைப் பார்த்து, கடைசியாக ஃப்ளோ ஸ்விட்சைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு வயரை முறுக்கி "டைரக்ட் பண்ணிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். எலக்ட்ரிக் ஹீட்டரிலோ கேஸ் ஹீட்டரிலோ தண்ணீர் ஓடாதபோது சூடு ஏறாமல் தடுப்பது அந்த ஸ்விட்ச்தான். அது இல்லாவிட்டால் பிவிசி பைப் மெழுகு மாதிரி உருகி ஒழுகும்.

கேஸ் ஹீட்டர்: வாடை வருகிறது, பற்றவில்லை, அல்லது மஞ்சளாக எரிகிறது

வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், ஆஃப் செய்யவும் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். பம்ப் ரூமோ பள்ளம். எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, வெளியே இருக்கும் சிலிண்டரை மூட முடிந்தால் மூடி, தூரப் போய் நின்று 1906-ஐக் கூப்பிடுங்கள். வெள்ளத்தில் மிதந்துபோய்த் திரும்பக் கிடைத்த சிலிண்டரை இணைக்காமல் ஏஜென்சியிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

பற்றவில்லை என்றால் லைட்டரை நீட்டிப் பற்றவைத்துப் பார்க்க வேண்டாம். மூழ்கிய கேஸ் வால்வுக்குள் துரு பிடித்தால் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். அதைப் பழுது பார்ப்பதில்லை, புதிதாக மாற்றுவதுதான் வழி. ஜ்வாலை நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்து கரி படிந்தால், பர்னர் ஓட்டைகளில் சேறு, அல்லது புகைக்குழாயில் அடைப்பு. தலைவலி, மயக்கம் வந்தால் அது கார்பன் மோனாக்சைடு, உடனே வெளியே வாருங்கள். உள்ளே இருக்கும் வெப்பக் காப்புப் பலகை நனைந்திருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே.

தண்ணீரில் கை வைத்தால், ஏணியைத் தொட்டால் சுர்ரென்கிறது

இதற்கு மட்டும் எந்தச் சோதனையும் நீங்கள் செய்யக் கூடாது. குளத்தில் இருப்பவர்களை ஏணியைப் பிடிக்காமல் அப்படியே நிற்கச் சொல்லி, முதலில் மெயினை இறக்குங்கள். யாராவது கரண்ட் பிடித்துத் தத்தளித்தாலும் குதித்துவிடாதீர்கள், குதிப்பவரும் அதில்தான் மாட்டுவார். கரண்டை எடுத்த பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். 108-க்குச் சொல்லுங்கள்.

எம்சிபியைப் பிளந்து காட்டிய அதே தோட்டத்தில், அதற்கு முன்பே ஹேர் டிரையரால் ஊதிக் காயவைத்த பேனலில் மூன்று வாரம் எல்லாம் நன்றாக ஓடியிருக்கிறது. ஒரு நாள் காலையில் வலையை வைத்து இலை அள்ளிக்கொண்டிருந்த தோட்டத்து அம்மா, ஈரக் கையோடு ஸ்டீல் ஏணியைப் பிடித்துவிட்டுக் கையை உதறியிருக்கிறார். "எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சுங்க" என்றார் என்னிடம். நல்ல வேளை, ரப்பர் செருப்பு போட்டிருந்தார். போய்ப் பார்த்தால் ஹீட்டர் எலிமென்ட் கசிகிறது, ஆர்சிசிபி உள்ளே துருவேறி விழவில்லை, ஏணிக்குப் போகும் எர்த் வயரின் கிளாம்ப் சேற்றுக்குள் அரித்து அறுந்திருக்கிறது. மூன்றில் ஒன்று ஒழுங்காக இருந்திருந்தாலும் அந்த அம்மாவுக்கு ஷாக் அடித்திருக்காது. அவர் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் ஏணி, கைப்பிடி, பம்ப் உடம்பு, ஹீட்டர் உடம்பு, கான்கிரீட் கம்பி எல்லாவற்றையும் ஒன்றாக எர்த்தோடு சேர்க்கும் செம்பு வயரை முனைக்கு முனை தேடிப் பாருங்கள். எர்த் குழியை வெள்ளம் வடிந்த கையோடு அளந்தால் ஈரத்தில் நல்ல ரீடிங்தான் காட்டும். மண் காய்ந்த பிறகு, பங்குனி வெயிலில் இன்னொரு முறை அளக்க வேண்டும்.

குளத்துத் தண்ணீர் செம்மண் கரைசலாக நிற்கிறது

மொத்தமாக இறைத்துவிட்டுக் கழுவலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். கிணற்று நீர்மட்டம் குளத்தின் அடித்தளத்தைவிட மேலே இருந்தால், குளத்தைக் காலி செய்ததும் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளி, குளத்தையே விரிசல் விட வைக்கும், சில சமயம் மேலே தூக்கியும் விடும். கிணற்றில் தண்ணீர் இறங்கும் வரை பொறுங்கள். அதுவரை படிகாரம் போட்டுத் தெளியவைத்து, அடியில் படிந்த வண்டலை மட்டும் உறிஞ்சி வெளியேற்றலாம்.

நனைந்த பிளீச்சிங் பவுடர், குளோரின் மாத்திரை, ஆசிட் ஆகியவற்றை ஒரே டிரம்மில் அள்ளிப் போடாதீர்கள். கலந்தால் நச்சு வாயு வரும், தீயும் பிடிக்கும்.

இந்தச் சுத்த வேலை முடியும் வரை ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடி, பைபாஸில் தண்ணீரைச் சுற்றவிடுங்கள். அதிகக் குளோரினும் வண்டலும் செம்பு எக்ஸ்சேஞ்சரை அரித்துவிடும். பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே வந்து, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் அளவில் நின்று, குளத்தின் அடி கண்ணுக்குத் தெரிந்த பிறகு வால்வைத் திறங்கள். முதல் ஒரு மணி நேரம் எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரோடு அங்கேயே நிற்கட்டும். புதுப் பேனலைச் சுவரில் போட்ட அந்தச் சாக்பீஸ் கோட்டுக்கு இரண்டடி மேலே மாட்டச் சொல்லுங்கள். ஹீட் பம்ப்புக்கும் அதே உயரத்துக்கு மேடை கட்டிவிடுங்கள்.